வெளுத்துப்போன டிரெய்லரும் அப்பாவின் வாட்டர் பேப்பரும்

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கும் பழைய டிரெய்லர் ஒன்றை டெக்சாஸின் லப்பக்கில் வாங்கி, டாலஸில் எங்கள் வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய அன்று நான் கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தேன். கொக்கியைக் கழற்றும்போது தோள் லேசாகப் பக்கவாட்டில் உரசியது, அவ்வளவுதான், வெள்ளையடித்த சுவரில் சாய்ந்து எழுந்த மாதிரி சட்டையின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. கையால் தேய்த்தால் உள்ளங்கையில் விபூதி மாதிரி பொடி. வாங்கும்போது தூசி என்றுதான் நினைத்தோம். ஐந்தரை மணி நேரம் நெடுஞ்சாலைக் காற்றில் வந்த பிறகும் எந்தத் தூசி ஒட்டிக்கொண்டிருக்கும்? அந்த டிரெய்லரின் தோலே பொடியாகிக்கொண்டிருந்தது.

ஸ்கேம்ப் என்று பெயர், 16 அடி, 1998இல் செய்தது. மினசோட்டாவில் பாக்கஸ் என்கிற சின்ன ஊரில் 1970களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்கிறார்கள். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளை ஒன்றாக ஒட்டியது, அதனால் இங்கே இந்த வகையையே முட்டை என்பார்கள். இதற்கெல்லாம் முன்னோடி கனடாவில் வினிபெக்கில் 1968இல் வந்த போலர் என்ற டிரெய்லர். அதை உருவாக்கிய ரே ஒலெக்கோ அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் வடிவமைத்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல், ஏனென்றால் தண்ணீர் உள்ளே போகவும் கூடாது வெளியே வரவும் கூடாது என்று யோசித்துப் பழகிய ஒருவரிடமிருந்துதான் இப்படி ஒரு வண்டி வந்திருக்க முடியும். எங்களுக்கு 16 அடி போதும் என்பதற்கு இன்னொரு காரணம், இதே டெக்சாஸில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் சிசோஸ் பேசின் போகும் மலைப்பாதைக்கு 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரைக் கொண்டுவர வேண்டாம் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். மூன்று பேர் படுக்கலாம், எங்கள் காரே இழுக்கும்.

ஆனால் பார்க்க பாவமாக இருந்தது. வடக்குப் பக்கம் பரவாயில்லை, மங்கல் மட்டும். தெற்குப் பக்கம் பல வருடம் லப்பக் வெயிலைப் பார்த்தபடியே நின்றதாம், அந்தப் பக்கம் பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக, இடையிடையே ஏதோ ஒரு படலம் வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிந்து தொங்கியது. ஜன்னல் மூலைகளிலிருந்து கறுப்புக் கண்ணீர்க் கோடுகள். கூரையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நான் முதலில் நினைத்தது பெயிண்ட் அடித்துவிடலாம் என்றுதான். அக்டோபரில் அப்பா ஊரிலிருந்து வந்தார், அந்த எண்ணம் அன்றைக்கே போயிற்று.

அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் 35 வருடம் பெயிண்டர். பட்டி பார்ப்பது, வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போடுவது, பிரைமர், பெயிண்ட், கடைசியில் லைன் அடிப்பது எல்லாம் அவர் கை. டிரெய்லரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஒன்றும் பேசவில்லை. குழாயில் கையை நனைத்துக்கொண்டு வந்து மிகவும் மோசமாக இருந்த தெற்குப் பக்கத்தில் ஒரு கை அளவுக்குத் தடவினார். தடவிய இடம் மட்டும் பளிச்சென்று பழைய நிறத்துக்கு வந்தது. தண்ணீர் காயக் காய மறுபடி வெளுத்தது. "அம்மிணி, இதுக்கு எதுக்கு பெயிண்டு? நெறம் உள்ள இருக்குது பாரு. மேல செத்த தோலு மட்டும் எடுத்தாப் போதும்" என்றார்.

இந்த வகை டிரெய்லர் வைத்திருக்கும் எல்லாரும் ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இதுதான். ஏன் அப்படி நடக்கிறது என்று பிறகு நான் உட்கார்ந்து படித்தேன். ஃபைபர்கிளாஸ் ஓட்டின் வெளிப்புறம் ஜெல்கோட் என்கிற பாலியெஸ்டர் ரெசின் அடுக்கு, அதிலேயே நிறமி கலந்திருக்கும். பஸ்ஸில் பெயிண்ட் கடைசி வேலை. இதில் தலைகீழ். அச்சு ஒன்றை நன்றாகப் பளபளவென்று தேய்த்து, ஒட்டாமல் இருக்க மெழுகு தடவி, அதன் உட்புறம் முதலில் ஜெல்கோட்டைத்தான் அடிக்கிறார்கள், அதற்குப் பின்னால்தான் கண்ணாடி இழையும் ரெசினும். அச்சிலிருந்து எடுக்கும்போது தோல் முதலிலேயே தயாராக இருக்கும், அச்சின் பளபளப்பு அப்படியே அதில் இறங்கியிருக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இட்லி மாதிரி, தட்டு எப்படியோ இட்லி அடி அப்படி" என்றார். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். கார் பெயிண்டின் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர்கோட் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதாவது பத்தில் ஒரு பங்கு. அதனால் கார் பெயிண்டில் செய்யப் பயப்படும் வேலையை இதில் துணிந்து செய்யலாம், முழுக்கனத்துக்கும் ஒரே நிறம் என்பதால் கொஞ்சம் தேய்த்து எடுத்தாலும் கீழேயும் அதே நிறம்தான் வரும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மேல்பரப்பு ரெசினின் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கிறது. ரெசின் போனதும் அது பிடித்துவைத்திருந்த வெள்ளை நிறமி பொடியாக வெளியே நிற்கிறது. என் சட்டையில் ஒட்டியது அதுதான். பரப்பு கரடுமுரடாகிவிட்டதால் ஒளி நேராகத் திரும்பாமல் நாலாபக்கமும் சிதறுகிறது, அதனால்தான் மங்கல். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியதும் பரப்பு தற்காலிகமாகச் சமமாகிறது, நிறம் தெரிகிறது. நனைத்தால் நிறம் திரும்புகிறதா, தேய்த்து மீட்கலாம். நனைத்தும் திரும்பவில்லை, உள்ளே இழை தெரிகிறது என்றால் ஜெல்கோட்டே தேய்ந்துபோய்விட்டது, அதற்குத்தான் பெயிண்ட்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் தெற்குப் பக்கத்தில் உரிந்துகொண்டிருந்தது என்ன என்று தெரிந்தது. இங்கே டிரெய்லர்காரர்கள் பலர் செய்யும் ஒரு குறுக்குவழி இருக்கிறது: கடைகளிலும் பள்ளிகளிலும் தரைக்குப் பூசும் அக்ரிலிக் பாலிஷை வாங்கி, மெல்லிய துணியால் நாலைந்து கோட் தடவிவிடுவது. மதியம் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் புது வண்டி மாதிரி ஆகிவிடும். முன்பு வைத்திருந்தவர் அதைத்தான் செய்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அது வேறொன்றும் இல்லை, காயாத தண்ணீர். பள்ளத்தை நிரப்புகிறது, நிறம் தெரிகிறது. ஆனால் செத்த பொடிக்கு மேல் ஒட்டியிருப்பதால் அதற்குப் பிடிப்பு இல்லை, வருடா வருடம் கழுவி மேல்கோட் போடாமல் விட்டால் மஞ்சளாகி உரியத் தொடங்கும். ஒழுங்காகப் பொடியை நீக்கிவிட்டுப் பூசி, தவறாமல் பராமரித்து, பல வருடம் நன்றாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம் என்பதற்குக் காரணம், அதை எடுப்பதற்கு நாங்கள் பட்ட பாடு.

அந்தப் பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிப்படி டிரெய்லரை வாசலில் 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. மற்ற நாட்களில் அது வாடகைக்கு எடுத்த நிறுத்துமிடத்தில் நிற்கும், அங்கே எந்த வேலையும் செய்யக் கூடாது. எனவே வெள்ளி சாயங்காலம் இழுத்து வருவது, ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விடுவது. இப்படி முதல் இரண்டு வாரக்கடைசியும் பழைய பாலிஷை எடுப்பதற்கே போனது. தரை பாலிஷை நீக்குவதற்கென்று அம்மோனியா கலந்த ஸ்டிரிப்பர் விற்கிறார்கள், அதைத் தண்ணீரில் கலந்து, கொஞ்ச இடத்தில் தடவி, காயவிடாமல் பத்து நிமிடம் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, கழுவி, மறுபடி தடவி. படலம் தடித்த இடத்தில் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டினோம், இரும்பு பக்கத்தில் வரவே கூடாது. நெடி மண்டைக்கு ஏறும், அதனால் கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் தொட வேண்டாம். அப்பா ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு கீழ்ப் பாதியையும் நான் ஏணியில் நின்று மேல் பாதியையும் எடுத்தோம். எங்கேயாவது ஒரு திட்டு விட்டுப்போனால் பிறகு காம்பவுண்ட் என்கிற மெருகேற்றும் பசையை மெஷினில் போட்டுத் தேய்க்கும்போது அந்தத் திட்டு உருகி கம்பளிப் பேடில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதனால் கழுவிக் காயவிட்டு, சாய்வாக வெளிச்சம் அடித்து, பளபளக்கும் திட்டு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். முழுக்கப் போய்விட்டால் மொத்தப் பரப்பும் ஒரே மாதிரி செத்துக் கிடக்கும். வேலை முடிந்தபோது வாங்கியதைவிட இன்னும் மோசமாக இருந்தது. என் கணவர் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். "மாப்பிள்ளை பயந்துட்டாருங்க" என்றார் அப்பா அம்மாவிடம் வாட்ஸ்அப்பில்.

ஜன்னல் மூலையில் இருந்த கறுப்புக் கோடுகள் சாதாரணப் பாத்திர சோப்பிலேயே பாதி போயின. மிச்சத்துக்கும் ரிவெட் பக்கத்தில் இருந்த துருக் கறைக்கும், பாத்திரம் தேய்க்கும் பார் கீப்பர்ஸ் ஃபிரண்ட் பொடி, அதில் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது, துருவைக் கரைக்கும். தடவிக் கொஞ்ச நேரத்தில் நன்றாக அலசிவிட வேண்டும்.

மூன்றாவது வாரம்தான் உண்மையான வேலை தொடங்கியது. அப்பா என்னை மெஷினைத் தொடவிடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் டேப் ஒட்டி நான்கு கட்டம் கட்டச் சொன்னார், ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு ஓர் அடி. முதல் கட்டத்தில் வெறும் பாலிஷ், இரண்டாவதில் கையால் காம்பவுண்ட், மூன்றாவதில் மெஷினில் காம்பவுண்ட், நான்காவதில் 1000 நம்பர் (நம்பர் கூடக் கூடப் பேப்பர் நைசாகும்) வாட்டர் பேப்பர் போட்டுவிட்டு அப்புறம் காம்பவுண்ட். நான்கையும் ரப்பிங் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பார்த்தோம். துடைப்பது முக்கியம், ஏனென்றால் காம்பவுண்டில் உள்ள எண்ணெய் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு பொய்யாகப் பளபளக்கும், இரண்டு மழை பெய்ததும் குட்டு வெளிப்படும். வடக்குப் பக்கத்தில் மூன்றாவது கட்டமே போதும் என்று தெரிந்தது. தெற்கில் நான்காவது கட்டம்தான் வேலை செய்தது. எந்தப் பக்கம் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். ஜெல்கோட் கனமானது என்பதால் வண்டி முழுக்கப் பேப்பர் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும், ஆனால் எடுத்த தோல் திரும்ப வளராது, இன்னும் 20 வருடம் கழித்து வேறு யாராவது இதே வேலையைச் செய்ய அதில் மிச்சம் இருக்க வேண்டும். பெரிய டிரெய்லர்களில் தட்டையான ஃபைபர்கிளாஸ் ஷீட்டைப் பலகையில் ஒட்டிய பக்கச் சுவர் இருக்கும், அதில் ஜெல்கோட் இதைவிட மெல்லிசு, அங்கே பேப்பரைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

வாட்டர் பேப்பர் வேலையை அப்பா செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். நான் கடையில் வாங்கிவைத்திருந்த ரப்பர் கட்டையை ஓரமாக வைத்துவிட்டு, என் மகனின் பழைய ஹவாய்ச் செருப்பைக் கேட்டு வாங்கி, கத்தியால் சோப்புக்கட்டி அளவுக்கு நான்கு துண்டு போட்டார். பட்டறையில் எல்லாரும் அதைத்தான் வைத்துக்கொள்வார்களாம், வளைவுக்குத் தகுந்த மாதிரி வளையும், விரல் அழுத்தம் ஓர் இடத்தில் பதியாது. முட்டை மாதிரி வளைந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான கருவி எனக்குக் கிடைத்திருக்காது. பேப்பரை வாளித் தண்ணீரில் முதலிலேயே ஊறப்போட்டுவிட்டு, இரண்டு சொட்டு சோப்பு. பென்சிலால் லேசாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கொண்டு, கோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மறையும் வரை 1000. பிறகு அலசி, மறுபடி கோடு, அடுத்தது 1500, கடைசியாக 2000. ஒவ்வொரு நம்பருக்கும் கை போகும் திசையை மாற்ற வேண்டும், படுக்கையாக ஒன்று, செங்குத்தாக அடுத்தது, அப்போதுதான் முந்தைய பேப்பரின் கீறல் மிச்சம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் பால் பால் என்று வெள்ளைத் தண்ணீராக ஓடும். போகப்போகப் பால் குறையும், பேப்பர் வழுக்கத் தொடங்கும், கைக்கே தெரிந்துவிடும். உலர்ந்த நிலையில் மட்டும் தேய்க்கவே கூடாது, அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாத பொடி.

அப்புறம் மெஷின். இரண்டு வகை இருக்கிறது, அப்படியே சுழல்வது ஒன்று, சுழன்றுகொண்டே அலைவது இன்னொன்று. அலைவது பாதுகாப்பானது, புதிதாகச் செய்பவருக்கு நல்லது, ஆனால் இந்த அளவு செத்துப்போன ஜெல்கோட்டில் அதை வைத்து வேலை முடிய வெகு நேரம் ஆகும். நாங்கள் சுழலும் மெஷினில் கம்பளிப் பேட் மாட்டி, படகுகளுக்கும் டிரெய்லர்களுக்கும் என்று மெகுவையர்ஸ் விற்கும் காம்பவுண்டைப் போட்டோம். காருக்கான காம்பவுண்ட் பெரும்பாலும் இதற்குப் போதாது. வேகம் நிமிடத்துக்கு 1200 முதல் 1500 சுற்றுக்குள். இரண்டடிக்கு இரண்டடி இடம் எடுத்து, காம்பவுண்டை நான்கு பொட்டு வைத்து, மெஷினைப் போடுவதற்கு முன்பே பேடால் தடவிப் பரப்பிவிட்டு, பிறகு மெதுவாக ஒன்றன்மேல் ஒன்று பாதி படிகிற மாதிரி இழுத்துக்கொண்டே போக வேண்டும். நின்றால் சூடு. சூடு ஏறினால் காம்பவுண்ட் காய்ந்து இழுபடும், மங்கல் திட்டு விழும், இன்னும் போனால் ஜெல்கோட்டே கருகும். அடிக்கடி பேடைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒயரை முதுகுக்குப் பின்னால் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது வண்டியில் உரசி நீங்கள் இப்போதுதான் தேய்த்த இடத்தில் கோடு போடும். ஈரம் புழங்கும் இடம் என்பதால் மின்கசிவு வந்தால் தானே அணையும் பிளக் பாயிண்டில் மட்டும் மாட்டுங்கள்.

வெயில் விழும் பக்கத்தை ஒருபோதும் தொடாதீர்கள். காலையில் மேற்குப் பக்கம், மதியத்துக்குப் பிறகு கிழக்குப் பக்கம் என்று நிழலோடு சேர்ந்து வண்டியைச் சுற்றி வந்தோம். தெற்கு நோக்கி நிற்கும் பக்கத்துக்கு நிழல் தானாக வராது, வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். டாலஸில் ஜூலையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும்போது இந்த வேலையை நினைத்தே பார்க்க முடியாது. நவம்பர்தான் சரி.

ஒரு தவறு நடந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஓடு சட்டென்று உள்ளே மடியும் ஓர் ஓரம் இருக்கிறது. நான் டேப் ஒட்டாமல் மெஷினைக் கொண்டுபோனேன். வளைவில் பேடின் முழு முகமும் படாது, ஒரு சின்ன இடம்தான் படும், அழுத்தமும் சூடும் மொத்தமாக அங்கே இறங்கும், போதாததற்கு அப்படிப்பட்ட மடிப்புகளில் ஜெல்கோட் மெலிந்துதான் இருக்கும். நான் கவனிக்கும்போது கொத்தமல்லி விதை அளவுக்கு ஓர் இடம் கரும்பச்சையாகத் தெரிந்தது. அடியில் உள்ள இழை. அப்பா கோபப்படவில்லை, மெஷினை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வண்டியில் இருந்த எல்லா ஓரத்துக்கும், எல்லா ரிவெட் மூடிக்கும், பெல்ட் மாதிரி ஓடும் நடுப்பட்டைக்கும் நீல டேப் ஒட்ட வைத்தார், அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஓரங்களை எல்லாம் கடைசியில் கையாலேயே தேய்த்தோம். கருகிய இடத்துக்கு ஜெல்கோட் பேஸ்ட் வாங்கி அடைத்தேன். புது வெள்ளை, 1998இன் வெள்ளையோடு சேரவில்லை. சொட்டு மஞ்சளும் அதைவிடக் குறைவாகப் பழுப்பும் கலந்து மூன்றாவது தடவைதான் கிட்டத்தட்ட வந்தது.

மெஷின் முதல் தடவை ஒரு கட்டத்தைத் தாண்டியதும் எங்கள் வீட்டு எதிர் மரம் அதில் தெரிந்தது. மரத்தின் உருவம் மட்டும் இல்லை, இலை இலையாக. நான் மெஷினை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். இந்த வேலையை ஒரு கடையில் கொடுத்துச் செய்திருந்தால் அந்த நிமிடம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஸ்டிக்கர் விஷயம். பக்கவாட்டில் ஓடிய பழைய வினைல் பட்டை சருகு மாதிரி வெடித்திருந்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டி, பிளாஸ்டிக் கத்தியால் மெதுவாக நெம்பினால் வரும், அவசரப்பட்டால் நகம் அளவு நகம் அளவாகத்தான் வரும். மிச்சப் பசைக்கு ரப்பர் சக்கரம் ஒன்றை டிரில்லில் மாட்டித் தேய்த்தோம். ஆனால் பட்டை இருந்த இடம் வெயில் படாமலே இருந்ததால் சுற்றியிருக்கும் பரப்பைவிடப் புதிதாகவும் தொட்டால் தெரியும் அளவுக்குத் துளி மேடாகவும் இருந்தது. சுற்றிலும் அத்தனை வருடத்தில் எவ்வளவு தோல் போயிருக்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல். பேப்பர் போட்டுச் சமன் செய்தோம், மேடு போயிற்று, நிழல் முழுக்கப் போகவில்லை, சாய்ந்த வெளிச்சத்தில் பட்டையின் தடம் இன்னும் தெரியும். புது ஸ்டிக்கர் வாங்கலாமா என்று கேட்டேன். "எதுக்குங் கண்ணு, நான் ஒரு லைன் அடிச்சுத் தாரேன்" என்றார்.

சைன்போர்டு எழுதுபவர்கள் பயன்படுத்தும் எனாமலில் ஒரு சின்ன டப்பா, அரக்குச் சிவப்பு. நீளமான அணில் முடி பிரஷ். டேப் எதுவும் ஒட்டவில்லை. சுண்ணாம்பு தடவிய நூலை இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி ஒரு தடம் போட்டுக்கொண்டு, சுண்டுவிரலை வண்டியில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். 71 வயது. கை நடுங்கவில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு லைன், மேலே தடித்தது, கீழே மெல்லிசு, முன் வளைவில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சின்னச் சுழி. கரூர் பஸ்களில் பார்த்த அதே சுழி. பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து முழுக்க நின்று பார்த்தார்.

அது நன்றாகக் காய ஒரு வாரம் விட்டு, அடுத்தது மெழுகு. தேய்த்த ஜெல்கோட்டை வெறுமனே விட்டால் அடுத்த கோடையிலேயே மறுபடி பொடியத் தொடங்கும், ஆகவே மெழுகை விட்டுவிட்டால் மொத்த உழைப்பும் வீண். மெழுகுக்குப் பதிலாகப் போடும் செராமிக் கோட்டிங் விலை அதிகம், தவறாகப் போட்டால் அதை எடுக்க மறுபடி காம்பவுண்ட்தான் வேண்டும். நாங்கள் காலினைட் 885 என்கிற கெட்டி மெழுகைத் தேர்ந்தெடுத்தோம். மிக மெல்லிசாகத் தடவ வேண்டும், கனமாகத் தடவினால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் வராது, துடைக்கக் கை வலிக்கும், அவ்வளவுதான். சின்னச் சின்ன இடமாகத் தடவி, மங்கலாகப் பூத்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மறுநாள் இரண்டாவது கோட். எனாமல் லைன் மேல் மட்டும் கொஞ்ச நாள் மெழுகு படாமல் விட்டோம். டெக்சாஸ் வெயிலுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை மெழுகு வேண்டும், மார்ச்சில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று வைத்திருக்கிறோம். துணி உறை போட்டு மூடலாமே என்று பலர் கேட்டார்கள். இங்கே அடிக்கும் காற்றில் உறை படபடத்துக்கொண்டே இருக்கும், உள்ளே சிக்கிய மணல் அதையே வாட்டர் பேப்பர் ஆக்கிவிடும். முடிந்தால் கூரை உள்ள நிறுத்துமிடம், அது முடியாவிட்டால் மெழுகு மட்டும்.

கூரையை மறக்கவில்லை. வெயில் நேராக விழும் இடம் என்பதால் அங்கேதான் சேதம் அதிகம், 800 நம்பரில் தொடங்க வேண்டியிருந்தது. மேலே ஏறி நிற்காதீர்கள், ஓடு அதற்குச் செய்யப்பட்டது இல்லை, இரண்டு பக்கமும் ஏணி போட்டு எட்டிய வரை செய்தோம். நடுவில் 14 அங்குலச் சதுரத்தில் காற்றுப்போக்கி இருக்கிறது, அதைச் சுற்றி யாரோ சிலிக்கோன் பூசி வைத்திருந்தார்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது, எடுப்பதும் கஷ்டம். முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் பியூட்டைல் டேப் என்கிற ஒட்டும் ரப்பர் பட்டை வைத்து, மேலே கூரைக்கான சீலண்ட் போட்டேன். பளபளப்பு வேண்டும் என்று தொடங்கிய வேலையில் உண்மையாகவே வண்டியைக் காப்பாற்றியது இந்த ஒரு மணி நேர வேலைதான் என்று நினைக்கிறேன், உள்ளே பலகை நனையத் தொடங்கியிருந்தது.

மொத்தம் ஏழு வாரக்கடைசி ஆயிற்று. மெஷின், பேட், காம்பவுண்ட், பேப்பர், மெழுகு, ஸ்டிரிப்பர், எனாமல் எல்லாம் சேர்த்து 300 டாலருக்குக் கொஞ்சம் மேல்.

மார்ச்சில் போட வேண்டிய மெழுகைப் போட்டுவிட்டு அப்பா ஊருக்குக் கிளம்பினார். போன வியாழன் இரவு நல்ல மழை. வெள்ளி காலை நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு பக்கமும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு லைன் மேல் ஏறி இறங்கி ஓடியிருந்தது. கூரையில் காற்றுப்போக்கிக்கு முன்னால் மட்டும் உருளாமல் படர்ந்து நின்றது, அந்த இடத்தில் மெழுகு அதற்குள் போய்விட்டது. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "அங்க நீ ஒழுங்கா தொடச்சிருக்க மாட்ட, ஏணி எட்டியிருக்காது. சனிக்கிழமை உயரமான ஏணி வாங்கி மறுக்கா ஒரு கோட்டு போடு" என்று பதில் வந்தது. ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது, கேட்டிருக்கிறேன்.